நான்காம் பத்தி

புதூரில் இறங்கி
ஐடிஐ மதிலை ஒட்டி நடக்கும்போதே
ஜெராக்ஸ் கடைக்காரன் கேட்டுவிடுகிறான்:
"உதவித்தொகை பாரமாக்கா? அஞ்சு ரூவா."
எப்படித் தெரிகிறதோ.
நடையில் தெரியுமோ என்னமோ.

மாதம் அறுநூறு.
மூன்று மாதத்துக்கு ஒருதரம் கணக்கில் விழும்.
விலங்கியல் பட்டத்துக்கு அது.
தவளையின் இதயத்தை
துடிப்பு நிற்காமல் வெளியே எடுக்கத் தெரியும் எனக்கு.
அதைக் கேட்க பாரத்தில் கட்டம் இல்லை.

பெயர்: ந. ஒச்சம்மாள்.
வயது: முப்பத்தெட்டு.
நாற்பதானால் நின்றுவிடும்,
அதற்குமேல் வேலையில்லாதவள் என்ற பெயரும் கிடையாது.

விஏஓவிடம் இரண்டு நடை,
ஆர்.ஐ. கையெழுத்துக்கு மூன்று,
அவர் ஜமாபந்திக்குப் போன அன்று ஒன்று.
வேலை இல்லை என்று காட்ட
இருபது நாள் வேலை.

கடைசியாக நான்காம் பத்தி.
'அரசுப் பணியிலோ தனியார் பணியிலோ
சுயதொழிலிலோ நான் ஈடுபடவில்லை என்றும்,
வேலை கிடைப்பின் ஏற்க
எந்நேரமும் ஆயத்தமாக உள்ளேன் என்றும்
உறுதி கூறுகிறேன்.'

எந்நேரமும்.
பேனா அங்கே நின்றுகொண்டது.

செல்லூரில் எங்கள் சந்துக்கே தெரியும்
நான் எந்நேரமும் ஆயத்தம் என்று.
மாடிவீட்டு சிலிண்டர் வந்தால் என் வாசல்மணிதான் அடிக்கும்.
ஆதார் முகாமா,
அதிகாலை நாலு மணிக்கு
செருப்பைப் போட்டு இடம்பிடிக்கிற ஆள் நான்;
என் செருப்பு ஒன்று, மற்றவர் பைகள் ஆறு.
கொழுந்தன் மகளுக்கு அம்மை போட்டால்
என் பாயை அந்த வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போவேன்.
"நீ சும்மாதான இருக்க."
கோபமாகச் சொன்னால் திருப்பிச் சொல்லலாம்.
எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள்.

போன பங்குனியில் கார்டு ஒன்று வந்தது.
அலங்காநல்லூர் ரோட்டில் கோழித்தீவன ஆலை,
ஆய்வக உதவியாளர், தற்காலிகம்,
நேர்காணல் காலை பதினொரு மணி.
நீலப் புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன்.

அன்று பெரியாஸ்பத்திரியில்
அண்ணனின் மாமனாருக்குக் கண் ஆபரேஷன்.
இரவுத்துணை நான்.
மாற்ற வரவேண்டியவர்கள் எட்டுக்கு வருவதாகச் சொன்னவர்கள்.
பத்தரைக்குப் பையைத் தூக்கினேன்.
"அட்டெண்டர் இல்லாம பேஷண்ட விட்டுட்டுப் போகக்கூடாது"
என்றார் வார்டு சிஸ்டர்.
கட்டுப்போட்ட கண்ணோடு அந்த மனுஷன்
காற்றில் துழாவி
என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார்.
கஞ்சிக்கறை இன்னும் போகவில்லை அதில்.
இரண்டேகாலுக்கு வந்தார்கள்,
பாண்டிகோவிலில் நெரிசலாம்.

"கூப்பிட்டும் நீங்க ஏன் போகலை?"
அமலோற்பவம் மேடம் கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார்.
பேரேட்டில் சிவப்பு மையில் ஏதோ இருக்கிறது.
"ஆஸ்பத்திரியில இருந்தேன்."
"ஒங்களுக்கு என்ன ஒடம்புக்கு?"
"எனக்கில்ல."
"சம்பளத்துக்கு ஆள் பாத்துக்கிட்டீங்களா?"
"இல்ல."
"அப்ப சும்மாதான இருந்தீங்க?"

ஆமாம் என்றால், வேலைக்கு ஏன் போகவில்லை.
இல்லை என்றால், நான்காம் பத்தி பொய்.
இரண்டுக்கும் நடுவே
மின்விசிறி ஒரு தாளைத் தூக்கப் பார்த்தது,
அவர் ஸ்டாப்லரை எடுத்து அதன்மேல் வைத்தார்.
"சரி, கையெழுத்துப் போடுங்க.
அடுத்தவாட்டி ஒரு போனாவது பண்ணுங்க."

போட்டேன்.
ஒச்சம்மாளின் கடைசிப் புள்ளி காயும் முன்னே
கைப்பை அதிர்ந்தது.
அண்ணிதான்.
"எங்க இருக்க? மாவு மில்லுல கரன்ட் வந்துருச்சாம்,
அஞ்சு நிமிசத்துல வந்துருவியா?"

"முடியாது அண்ணி,
வேலையா இருக்கேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை.
எதிரே மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
கையெழுத்தைப் பார்த்தார்,
பிறகு முத்திரையை எடுத்து
மை அட்டையில்
இரண்டு முறை நன்றாக ஒற்றினார்.